அளவைத் தமிழில் எழுது!

எமன் உதைபட்ட ஊர் திருக்கடையூர் என்பர். பதினாறு வயது மார்க்கண்டன், பாசக்கயிறு, காலால் ஓர் உதை - இந்தக் கதை அறியாதார் தஞ்சைத் தரணியில் இல்லை. அதனால்தான் அறுபது நிறைந்தோரும், எழுபது கண்டோரும், எண்பதைத் தொட்டோரும், மாலையும் கழுத்துமாக, மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் புடைசூழ அங்கே வந்திறங்கி, மீண்டும் ஒரு முறை தாலி கட்டிக்கொள்கின்றனர். நம்பிக்கை அவரவர்க்கு. அதிலே தலையிட இன்று நான் பேனா எடுக்கவில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் காட்டிவிட்டு நகர்கிறேன்.

நாடு விடுதலை பெற்ற நேரத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. இன்றோ 70ஐ ஒட்டி நிற்கிறது. கோயில் அன்றும் இருந்தது. எமனும் அன்றும் இருந்தான். இடையிலே ஊர்தோறும் பரவியது எது? அம்மை குத்தும் ஊசி வந்தது; பென்சிலின் வந்தது; பிரசவ வார்டு வந்தது; வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துத் தாயையும் பிழைக்கவைக்கும் ஆபரேஷன் வந்தது. மாலை போட்டுக்கொண்டு மணமேடையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியைக் கேட்டுப்பாருங்கள். தன் தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, தங்கியவை எத்தனை என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

அந்த ஊருக்கு அமிர்தக் கடம் வைத்த இடம் என்றும் ஒரு பெயர்க் காரணம் கூறுவர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. நாமோ அதைப் பந்தியிலே, இரண்டாவது முறை பாயசம் கேட்பவரைக் கேலி செய்யப் பயன்படுத்துகிறோம். அரசு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையிலே அது கேலி அல்ல, சட்டம். மயக்க மருந்து என்பது அளவோடு தந்தால் அமிர்தம். கூடினால்? மூச்சு நிற்கும், இதயம் நிற்கும். குறைந்தால்? கத்தி பட்டதும் துடிதுடித்து விழிப்பான். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி வரப்பைப்போல் குறுகலானது.

இந்த வரப்பு கண்டுபிடிக்கப்பட்ட கதையும் இரத்தத்தில் எழுதப்பட்டதுதான். 1846 அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே, மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதரை முகரவைத்து ஒருவரை உறங்கவைத்தார். வலியில்லாமல் கழுத்துக்கட்டி அறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தைக் கொண்டுவந்தார். உலகம் கொண்டாடியது. கொண்டாட்டம் மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. 1848 சனவரி 28. இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகம் எடுக்க வந்தவள், துணியில் ஊற்றிய குளோரோபாரத்தை முகர்ந்த சில நிமிடங்களில் பிணமானாள். நகம் எடுக்கப் போய் உயிர் போயிற்று! துணியில் ஊற்றினார்களே, எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர் ஜான் ஸ்நோ. யார் அவர்? பிரபுவின் பிள்ளையா? அல்ல, யார்க் நகரில் கரிக்கிடங்கிலே கூலி வேலை பார்த்தவரின் மகன். காற்றில் எத்தனை பங்கு மருந்து என்று அளந்து தரும் கருவிகளைச் செய்தார். 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கு அவரைத்தான் அழைத்தார்கள். கூலிக்காரன் மகன் அளந்து தந்ததை மகாராணி முகர்ந்தாள் என்றால், அங்கே குலம் வேலை செய்யவில்லை, தோழர்களே, அளவு வேலை செய்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். அளவு என்றால் என்ன என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் என்னும் மருந்து. பல் பிடுங்கவும், அரிவாள் வெட்டுக்குத் தையல் போடவும் அதுதான். குப்பியின்மேல் 2 சதவீதம் என்று இருக்கும். அதாவது 100 மில்லியில் 2 கிராம். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. நடவு நட்டு மெலிந்த நம் சகோதரிக்கு 50 கிலோ எடை என்றால் 150 மில்லிகிராம், ஏழரை மில்லிதான். அதே மருந்தோடு அட்ரினலின் கலந்த குப்பி என்றால் உச்சவரம்பு கிலோவுக்கு 7. பதினேழரை மில்லி வரை போகலாம். குப்பிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றை எடுப்பதாக நினைத்து மற்றதை எடுத்தால்? முதலில் நாக்கும் உதடும் மரக்கும், காதிலே இரைச்சல், பிறகு வலிப்பு, பிறகு இதயம்.

சதவீதம் ஒரு கணக்கு என்றால், அட்ரினலின் குப்பியிலே வேறு கணக்கு. 'ஆயிரத்தில் ஒன்று' என்றால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். 'பத்தாயிரத்தில் ஒன்று' என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு சுழி கூடினால் மருந்து பத்து மடங்கு குறைகிறது! மருந்து ஒவ்வாமல் உடல் தடித்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழும்போது, பெரியவர்க்கு ஆயிரத்தில் ஒன்று குப்பியிலிருந்து அரை மில்லி, தொடைத் தசையில். இதை நினைவுக்குக் கொண்டுவர நர்சுக்குக் கிடைக்கும் நேரம் சில வினாடி.

(இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலே ஊசியைத் தூக்கவேண்டாம். அது பயிற்சி பெற்றோர் வேலை. அவர்கள் தலையிலே நாம் ஏற்றியிருக்கும் சுமை எவ்வளவு என்று காட்டவே இவ்வளவும்.)

பேறுகால வலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைமாதப் பெண் வாயில் நுரை தள்ள வருகிறாள். மருந்து மக்னீசியம் சல்பேட். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே முதல் ஊசியைப் போட்டுவிடவேண்டும் என்பது இந்திய அரசின் விதி: இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம். ஐம்பது சதவீதக் குப்பி, இரண்டு மில்லி, ஒரு கிராம். ஆகவே பக்கத்துக்கு ஐந்து குப்பி, மொத்தம் பத்து. அடுத்த ஊசிக்கு முன் முழங்கால் துள்ளுகிறதா, மூச்சு சரியாக ஓடுகிறதா, சிறுநீர் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அளவு மிஞ்சிவிட்டால் மாற்று கால்சியம் குளுகோனேட். இவ்வளவும் ஒரு முழச் சுவரொட்டியில் அடங்கும் சங்கதி. திருக்கடையூரிலிருந்து மயிலாடுதுறை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வழியெல்லாம் அந்த ஊசிதான் அவளுக்குக் காவல்.

அறுவடைக் காலத்துப் பாம்புக்கடி கணக்கோ இதற்கு நேர்மாறு. மயக்க மருந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று அளக்கிறோம். விஷமுறிவு மருந்தை அப்படி அளக்கக்கூடாது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, விஷம் ஏறிய அடையாளம் தெரிந்தால் முதலிலேயே எட்டு முதல் பத்துக் குப்பி. ஏன்? பாம்பு ஆளைப் பார்த்தா, எடை போட்டா விஷத்தை இறக்குகிறது? சிறு பிள்ளைதானே என்று இரக்கப்பட்டு இரண்டு குப்பி தருவது இரக்கம் அல்ல, கொலை. இதுவும் சுவரிலே தமிழில் இருக்கவேண்டாமா?

இங்கேதான் என் வழக்கு. இந்த அளவுகள் எல்லாம் அச்சிடப்படாமல் இல்லை. புத்தகமாகவும் உண்டு, அட்டையாகவும் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். உடனே ஒருவர் எழுந்து, 'நர்சுகளுக்கு ஆங்கிலம் தெரியாதா? படித்ததே ஆங்கிலத்தில்தானே?' என்பார். தெரியும், ஐயா. பகலிலே, பரீட்சையிலே நன்றாகத் தெரியும். இரவு மூன்று மணிக்கு, மின்சாரம் போய் வந்து போய் வரும் நேரத்தில், கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் அலற, பதறும் நெஞ்சோடு நிற்கிறபோது, மனம் எந்த மொழியிலே கணக்குப் போடும்? எந்த மொழியிலே வாய்ப்பாடு படித்ததோ அந்த மொழியிலே! டாக்டர் சொல்வதும் தமிழில், நர்சு திருப்பிச் சொல்வதும் தமிழில், நோயாளி முனகுவதும் தமிழில். சுவர் மட்டும் ஏன் இங்கிலீஷ் பேசவேண்டும்?

தமிழிலே மருத்துவம் முடியுமா என்று கேட்போர் யாழ்ப்பாணத்துப் பக்கம் பார்வையைத் திருப்பட்டும். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847இல் அங்கே வந்தார். மதம் பரப்ப அனுப்பப்பட்டவர்தான், அதை மறைப்பானேன்? ஆனால் அந்த வெள்ளையர் மானிப்பாயில் செய்ததை நம்மவர் செய்யவில்லை. 1857இல் 'பிரசவ வைத்தியம்'. 1867இல் 'இரண வைத்தியம்'. 1872இல் 'வைத்தியாகரம்', அதே ஆண்டில் உடற்கூற்றைச் சொல்லும் 'மனுஷ அங்காதிபாதம்'. 1875இல் 'கெமிஸ்தம்'. அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கினார். பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்.

இவற்றிலே 'இரண வைத்திய'மும் 'வைத்தியாகர'மும் எவற்றின் தமிழாக்கம் தெரியுமா? ஆங்கிலத்தில் 'வாடே மேகம்' என்று பெயர் பெற்ற நூல்களின் தமிழாக்கம். அந்த இலத்தீன் சொல்லுக்கு, 'என்னோடு வா' என்று பொருள். மருத்துவன் கையோடு கொண்டுபோய், தேவைப்பட்ட இடத்தில் புரட்டிப் பார்க்கும் கைநூல். ஆக, நாம் இன்று கேட்கும் கையேட்டை 150 ஆண்டுக்கு முன்பே ஒருவர் தமிழில் தந்துவிட்டார். அதிலும் 'கெமிஸ்தம்' என்ற தலைப்பைப் பாருங்கள். சொல் கிடைக்கவில்லை என்று அவர் கைகட்டி உட்காரவில்லை. ஒலியை எடுத்துத் தமிழ் வால் ஒட்டிவிட்டுக் காரியத்தைப் பார்த்தார். நம் புலவர் பெருமக்களோ 'அனஸ்தீசியா'வுக்கு உணர்வகற்றியா, மயக்கவியலா என்று வழக்காடிக்கொண்டு இருப்பர். நோயாளி விழித்தே விடுவான்!

தஞ்சைக்கும் இது புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோசி மன்னர் தன்வந்திரி மகால் என்று வைத்தியசாலை வைத்து, கண் நோயாளிகளுக்குப் படம் வரைந்து குறிப்பேடு எழுதச் செய்தார். தேர்ந்த வைத்திய முறைகள் தமிழ்ச் செய்யுளாயின. சரசுவதி மகாலில் அவை இருக்கின்றன. அரச குலத்துப் புகழ் பாடுவது நம் வழக்கமல்ல; எழுதிவைக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எழுதிவைத்தால் மட்டும் போதுமா? ஐதராபாத்தில் நிஜாம் பணம் கொடுக்க, 1888, 1889 ஆண்டுகளில் குளோரோபாரத்தை ஆராய இரண்டு குழுக்கள் அமர்ந்தன. மூச்சைப் பார்த்துக்கொண்டால் போதும், மருந்து இதயத்தை நேராகத் தாக்காது என்று எட்வர்டு லாரி என்ற டாக்டர் முழங்கினார். பெரிய இடத்து முடிவு! 1911இல் லெவி என்பவர், இலேசான குளோரோபாரத்திலேயே இதயம் திடீரென நின்றுபோகும் என்று காட்டினார். ஆகவே, அட்டையிலே தேதி இருக்கவேண்டும். பொறுப்பேற்றவர் கையெழுத்து இருக்கவேண்டும். ஆண்டுதோறும் பார்வையிட்டுப் பழையதைக் கிழித்தெறியவேண்டும்.

மருந்தின் பெயரைத் தமிழாக்கச் சொல்லவில்லை. குப்பியிலே எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்தில் அப்படியே போடு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். பக்கத்திலே தமிழில் ஒலியை எழுது. அதன்பின் செய்யவேண்டியது, பார்க்கவேண்டியது, செய்யக்கூடாதது அத்தனையும் தமிழில். அந்த ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கும் குப்பிக்கு 40 கிலோவுக்கு எத்தனை மில்லி, 50க்கு எத்தனை, 60க்கு எத்தனை என்று கணக்கை முடித்தே கொடு. நெருக்கடியில் வகுத்தல் கணக்கு வேண்டாம். குப்பி மாறி வந்தால் அட்டையும் மாறவேண்டும். ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் குப்பிகளைப் பெயர் சொல்லி எச்சரி. இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தை, முதுகுத்தண்டில் போடும் மரப்பு மருந்து என்று தவறி எடுத்து ஏற்றிய கொடுமைகளைக் கண்டு, 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. இரத்தக் குழாயில் ஏற்றினால் உயிர் காக்கும் மருந்து, முதுகுத்தண்டில் போனால் வலிப்பு வந்து கொல்கிறது.

ஒரு அட்டையால் என்ன ஆகிவிடும் என்று கேட்பாரும் உண்டு. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் 19 கேள்விகளை வாய்விட்டுப் படிக்கும் ஓர் ஒற்றைத் தாளை வைத்துப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது: சாவு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆயிற்று. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை, ஒரு தாள்.

யார் எழுதுவது? தஞ்சையிலே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழுக்கென்றே 1981இல் கண்ட பல்கலைக்கழகமும் அதே ஊரில் இருக்கிறது. மயக்க மருத்துவரும், மருந்தாளுநரும், இரவு வேலை பார்க்கும் நர்சும் ஒரு மேசையில் உட்காரட்டும். தமிழ்ப் பேராசிரியர் பிழை திருத்த மட்டும் உட்காரட்டும். மயக்க மருத்துவர் போதாத இடங்களுக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரம் பயிற்சி தரும் திட்டத்தை இந்திய அரசு வகுத்தது. அத்தகையோர் கைக்கு இந்த அட்டை முதலில் போகட்டும்.

அட்டை வருமுன்பே நம் தோழர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது, 'காலையிலே ஒன்றும் சாப்பிடவில்லை, கொஞ்சம் நீராகாரம்தான்' என்கிறோம். நீராகாரத்தில் பருக்கை இருக்கிறது. அது தண்ணீர்க் கணக்கில் சேராது. சோறு தின்றால் ஆறு மணி நேரம், தெளிந்த தண்ணீர் குடித்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் திட்டுவாரே என்று மறைக்காதீர்கள்; திட்டட்டும். முன்பு எந்த ஊசியாவது ஒவ்வாமற் போனதுண்டா என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். எடை எவ்வளவு என்று கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். தராசில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிளைத் தோழர்கள் நாளைக்கே தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எடைக் கருவியில் முள் சுழியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். நிற்காவிட்டால் தாலுகாவுக்கு மனு எழுதுங்கள் - தமிழில்.