சாயல் பார்க்கும் வழக்கு

பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சவர்க்காரத்தோடும் பவுடரோடும் ஒரு தீர்ப்பையும் கொண்டுபோகிறார்கள். "அப்படியே வாப்பாட மூஞ்சி!" பதுளையில் நம் வீடுகளில் இது. பசறைப் பக்கத்து லயங்களில் "அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள். மார்க்கம் வேறு, பேச்சு ஒன்றுதான்.

இதை முந்திக்கொண்டு சொல்பவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் பெண்ணின் உம்மா, சாச்சி, ராத்தா. 1982இல் மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் அமெரிக்கப் பிரசவ வீடியோப் பதிவுகளில் கண்டதும் இதுவே: தகப்பன் சாயல் என்று தாய்மாரே அதிகம் சொன்னார்கள். தாய்க்காக முன்கூட்டியே கட்டும் பிணை இது. பிணை கட்ட அவள் செய்த குற்றம் என்ன?

1995இல் கிறிஸ்டன்ஃபெல்டும் ஹில்லும் 'நேச்சர்' இதழில், ஒரு வயதுப் பிள்ளைகள் தகப்பனையே அதிகம் ஒத்திருப்பதாக எழுதினார்கள். 1999இல் பிரெடாரும் ஃபிரெஞ்சும் மறுபடி சோதித்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 நிறமூர்த்தங்கள் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம்; பிள்ளை பார்க்கப் போகையில் மறந்துவிடுகிறோம்.

சிலர் உஸாமா (ரலி) அவர்களின் சம்பவத்தைக் காட்டுவார்கள். தந்தை ஸைத் (ரலி) வெள்ளை, மகன் கறுப்பு. ஊர்வாய் சும்மா இருக்கவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்து, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார் முத்லிஜ் கோத்திரத்தவர். நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்தார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சாயல் சந்தேகத்தை அடைத்தது. நம்முடையது சந்தேகத்தைத் திறந்துவிடுகிறது. உஸாமாவின் உம்மா உம்மு அய்மன் (ரலி) ஹபஷாப் பெண் என்பதை நம்மவர் சொல்லாமலே விடுகிறார்கள்.

கறுப்புப் பிள்ளை பிறந்ததென்று முறையிட்டு வந்த ஒருவரிடம், உமது சிவப்பு ஒட்டகங்களுக்குள் சாம்பல் நிறம் எப்படி வந்தது என்று கேட்டார்கள் நபியவர்கள். பரம்பரை இழுத்திருக்கும் என்றார் அவர். உம் மகனுக்கும் அப்படி இருக்கலாம் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸ் பிள்ளை பார்க்கும் வீடுகளில் ஏன் நினைவுக்கு வருவதில்லை?

வெள்ளைக்காரன் காலத்தில் லயத்தில் வெளுத்த பிள்ளை பிறந்தால் தாயைத்தான் ஏசினார்கள். துரையின் அதிகாரத்தைக் கேட்க ஆளில்லை. நாம் மேலானவர்கள் என்று எண்ண வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நாற்பது கழிந்தும் மாதக்கணக்காகத் தாய்வீட்டில் கிடந்தாள். மாமி ஏசவில்லை, "யாரப் போலயோ" என்றார், அவ்வளவுதான். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. நடை அச்சொட்டாக வாப்பாட நடை என்று அதே மாமி சொல்லித் திரிகிறார். அந்த உம்மா அதைக் கேட்டுச் சிரிப்பதில்லை.