சந்தைக்குப் போகும் பாதை

சாலை கேட்டு மனுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று உழவர் பெருமக்கள் பலர் இருந்துவிடுகிறார்கள். பணம் வருவதற்கு வெகு முன்பே எந்தச் சாலை என்பது முடிவாகிவிடுகிறது. 2000-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், மாவட்டச் சாலைத் தொகுப்பில் சேராத பாதைக்குப் பணம் கிடையாது. 2019-இல் வந்த மூன்றாம் கட்டத்தில் சந்தை, பள்ளி, மருத்துவமனைக்கு வழிவிடும் சாலைகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். நல்ல முறைதான். ஆனால் தக்காளிக் கூடையைச் சுமந்து வரப்பில் நடப்பவர் படும் பாட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பீடு தயாரிக்குமுன் இன்ஜினீயர் ஊராரோடு பாதை நெடுக நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அன்று வயலில் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். வாய்க்கால் எங்கே குறுக்கிடுகிறது, மழையில் வண்டி எங்கே அச்சு வரை இறங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சாலைக்கு விடும் நிலத்துக்கு இத்திட்டத்தில் கிரயம் இல்லை. அதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.