மறைக்க வேண்டியது எதை?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரின் பிற தொழிற்பேட்டைகளிலும் ஷிஃப்டு முறையில் உழைக்கும் குடும்பங்களில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பல மாலைகளில் கைப்பேசியே துணை. அதன் வழியே ஒருவன் நேசம் பேசி நுழைகிறான். நாளடைவில் நேசம் அதிகாரமாகிறது. யாரிடம் பேசினாய் என்கிறான், கடவுச்சொல்லைக் கேட்கிறான், படம் அனுப்பச் சொல்கிறான். மறுத்தால், "உன் அத்தாவிடம் சொல்லிவிடுவேன்" என்கிறான்.

அந்த இறுதி மிரட்டலைச் சிந்தியுங்கள். அவனது ஆயுதம் படமன்று. நம்மீது நம் மகளுக்குள்ள அச்சமே.

பொள்ளாச்சியில் நட்பாகப் பழகிப் பெண்களைச் சீரழித்து, காணொளி எடுத்து மிரட்டிய கும்பலும் இந்த அச்சத்தை நம்பியே இயங்கியது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் அளித்தார். அவர் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது பெரும் அநீதி. ஆயினும் சாட்சி சொன்ன பெண்கள் பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்று நம் மார்க்கம் போதிக்கிறது. அப்போதனையின்படி நாம் மறைக்க வேண்டியது மகளின் பெயரை. அநியாயக்காரனின் குற்றத்தை அன்று. நாமோ பல வேளைகளில் இரண்டையும் சேர்த்தே புதைக்கிறோம். பள்ளியை நிறுத்துவதும் அவசர நிக்காஹும் அவளுக்கே தண்டனையாகின்றன.

கைப்பேசி ஒலித்ததும் நடுங்குதல், தோழியரை விட்டு விலகுதல், உறக்கமின்மை, காரணம் கூறாத காயம், வீட்டில் பணமோ நகையோ குறைதல் ஆகியவற்றைக் கண்டால் விசாரணை நடத்தாதீர்கள், அருகில் அமருங்கள். "எது நடந்திருந்தாலும் நாங்கள் உன் பக்கம்" என்று கூறுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். பணம் கொடுத்துச் சமரசம் பேசாதீர்கள். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இணையவழி மிரட்டலுக்கு 1930 ஆகிய எண்கள் உள்ளன. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் வரலாகாது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதும் குற்றம்.

மகன்களைப் பெற்றோருக்கும் ஒரு சொல். அநியாயம் செய்பவனுக்கும் உதவுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அவனை அதிலிருந்து தடுப்பதே அவ்வுதவி என்றும் விளக்கினார்கள். ஒரு பெண்ணின் மறுப்பை மதிக்க அவனுக்கு இன்றே கற்பியுங்கள்.

நம் வீடுகளைப் பிள்ளைகள் அஞ்சாது திரும்பிவரும் இடங்களாக வல்ல இறைவன் ஆக்குவானாக. ஆமீன்.