ஃபியூஸைப் பிடுங்கித் தேடும் பழக்கம்

வடகிழக்குப் பருவமழை பிடித்த இரண்டொரு நாளில் நம் துணை மின்நிலையங்களில் டிசி எர்த் ஃபால்ட் அலாரம் அடிக்கத் தொடங்கிவிடும். வெயில் ஏறியதும் தானே அடங்கும். "காய்ஞ்சா சரியாயிடும் சார்" என்று ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

110 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் நாம் எர்த் செய்வதில்லை. நல்ல நிலையில் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே பாதி வோல்டேஜ், நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே மீதிப் பாதி. பாசிட்டிவ் பக்கம் எங்கோ இன்சுலேஷன் கெட்டால் அந்தப் பக்கம் பூஜ்யத்தை நோக்கி இறங்கும், மறுபக்கம் ஏறும். அவ்வளவுதான். எந்த பிரேக்கரும் திறக்காது, எந்த ஃபியூஸும் போகாது. இரண்டாவது எர்த் வரும்போதுதான் விபரீதம். அது ட்ரிப் காயிலுக்குப் போகும் ஒயரில் விழுந்தால் ரிலே சொல்லாமலேயே பிரேக்கர் திறந்துகொள்ளும். நெகட்டிவில் விழுந்தால் ஃபியூஸ் போய், திறந்தே ஆக வேண்டிய நேரத்தில் திறக்காமல் நிற்கும். முதல் எர்த் வந்த அன்றே அதைத் தேடிப் பிடிப்பது நம் வேலையில் சேர்ந்தது. ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளும் காரியமல்ல.

எப்படித் தேடுகிறோம்? டிசி போர்டில் ஒவ்வொரு ஃபீடராக ஃபியூஸைப் பிடுங்கி, அலாரம் போகிறதா என்று பார்க்கிறோம். பிடுங்கிய நேரம் முழுக்க அந்த ஃபீடருக்குப் பாதுகாப்பு இல்லை. திரும்பப் போடும்போது பழைய ஸ்டாட்டிக் ரிலேக்கள் தவறாக இயங்கவும் கூடும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் இம்முறையில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது: எர்த் ஓர் இடத்தில் மட்டுமே இருக்கிறது என்று அது நம்பிக்கொள்கிறது. மழைக்காலத்தில் இரண்டு ஃபீடர்களில் ஒரே நேரத்தில் கசிவு இருந்தால், ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று அலாரத்தை அடித்துக்கொண்டே இருக்கும். போர்டு முழுக்கப் பிடுங்கிப் போட்டும் கையில் ஒன்றும் மிஞ்சாது. மெகரும் இங்கே கைகொடுக்காது. சப்ளையை நிறுத்தாமல் அதை வைக்க முடியாது. நியூமரிக்கல் ரிலேக்கள் இணைந்திருக்கும் சர்க்யூட்டில் 500 வோல்ட்டைச் செலுத்தத் துணிபவர் துணியட்டும்.

கையடக்க எர்த் ஃபால்ட் லொகேட்டர் சப்ளையைத் தொடுவதில்லை. பேட்டரிக்கும் எர்த்துக்கும் இடையே சில மில்லியாம்பியர் அளவில், மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சிக்னலைச் செலுத்துகிறது. அது பழுதின் வழியாகவே எர்த்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஃபீடரின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டால் லோடு கரண்ட் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சிக்னல் மட்டும் தெரியும். போர்டிலிருந்து பேனல், பேனலிலிருந்து டெர்மினல், அங்கிருந்து யார்டு என்று அதன் பின்னாலேயே நடக்க வேண்டியதுதான்.

கருவி வாங்கியும் "வேலை செய்யவில்லை" என்று பீரோவில் வைத்துப் பூட்டிய இடங்கள் உண்டு. குறை பெரும்பாலும் பயன்படுத்தும் முறையில்தான். சிலர் ஒற்றை ஒயரில் கிளாம்ப் போடுகிறார்கள். சிலர் டிசி ரிங்கைத் திறப்பதில்லை. பாசிட்டிவ் ஒரு வழியாகப் போய் நெகட்டிவ் வேறு வழியாகத் திரும்பினால் கிளாம்ப் காட்டுவது வெறும் லோடு கரண்ட். நீளமான கன்ட்ரோல் கேபிள்களின் கெப்பாசிட்டன்ஸும், ரிலே பவர் சப்ளைகளில் எர்த்துக்குப் போட்டிருக்கும் கெப்பாசிட்டர்களும் பழுதைப் போலவே நடிக்கும்; ரீடிங் நிலைக்கும் வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். சிக்னலை எப்போதும் மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். நுட்பமான துணை ரிலேக்கள் சில மில்லியாம்பியருக்கே எழுந்துவிடும். எல்லா ஃபீடரையும் பார்த்தும் சிக்னல் எதிலும் இல்லையென்றால் பேட்டரி அறைக்குப் போங்கள். செல்லிலிருந்து ஸ்டாண்டு வரை வழிந்து படிந்த ஆசிட் அங்கே காத்திருக்கலாம்.

யார்டில் முடியும் தேடல்கள் பெரும்பாலும் சில இடங்களிலேயே முடிகின்றன: ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடித்த மார்ஷலிங் பாக்ஸ், கிளாண்டு தளர்ந்து தண்ணீர் இறங்கிய புக்கோல்ஸ் ரிலே டெர்மினல் பெட்டி, பிரேக்கரின் கேஸ் பிரஷர் சுவிட்ச். புக்கோல்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால் டெர்மினல்களுக்கு இடையே பச்சை பூத்திருக்கும். துடைத்துக் காயவைத்தால் அலாரம் போகும், ஆனால் கிளாண்டை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கே திரும்பி வரும்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கருவி என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒரு கோட்டத்துக்கு ஒன்று, அதைக் கையாளப் பழகிய இருவர் என்பது நியாயமான கோரிக்கை. நிர்வாகங்கள் அதை ஏற்க வேண்டும். நம் பங்குக்கு, ஷிஃப்டுக்கு ஒருமுறை பாசிட்டிவ்–எர்த், நெகட்டிவ்–எர்த் வோல்டேஜை லாக் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பழுதைக் கண்டுபிடித்தால் எந்தப் பெட்டி, எந்த டெர்மினல், என்ன காரணம் என்று எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள். நிலையத்தின் பெயர் வேண்டாம். வரும் இதழ்களில் தொகுத்து வெளியிடுகிறோம்.