விற்கச் சொல்லுமுன்

கிருலப்பனைச் சந்திக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் மான்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்கள் கூடினால், பேச்சு மார்கஸ் ரஷ்போர்டில்தான் வந்து நிற்கும். "வித்துத் தள்ளட்டும் மச்சான், ஓடவே மனமில்லாதவனை வச்சு என்ன செய்யிற?" என்று பிளேன்டீ கிளாஸை மேசையில் குத்தி வைப்பார் ஒருவர். கோபம் விளங்குகிறது. 2022-23 பருவத்தில் 30 கோல் அடித்தவர் அடுத்த பருவத்தில் எட்டோடு நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால், அதே ஆள் பார்சிலோனாவுக்குக் கடனாகப் போய், 2025 செப்டம்பரில் நியூகாசில் மைதானத்திலேயே இரண்டு கோல் அடித்து அணியை வெல்லவைத்தார். ஆட்டம் கெட்டதில் வீரரின் பங்கு எவ்வளவு, அவரை ஆடவைத்த முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் விற்கச் சொல்வது அநியாயம்.

இன்னொன்றையும் ரசிகர்கள் கவனிக்க வேண்டும். விலைக்கு வாங்கிய வீரரின் தொகையைக் கழகம் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவெழுதும். விற்கும்போது மிச்சத்தைக் கழித்தே இலாபம் பார்க்கும். ரஷ்போர்டைப் போல் சிறுவயதிலிருந்து தானே வளர்த்த பிள்ளைக்கு அப்படிக் கழிக்க ஒன்றுமில்லை. வருகிற பணம் அநேகமாக முழுதும் இலாபம். நட்டத்துக்குப் பிரீமியர் லீக் வைத்திருந்த வரம்பு நெருக்கியபோது கழகங்களின் கண் முதலில் அந்தப் பிள்ளைமேல்தான் விழுந்தது. செல்சி 2024இல் தான் வளர்த்த கொனர் கலகரை அத்லெட்டிக்கோ மட்ரிட்டுக்கு விற்றது. அவர் சோடைபோனவர் அல்லர். முந்திய பருவத்தில் பல ஆட்டங்களில் அணித்தலைவர் பட்டி கட்டியவர்.