அக்கரைக்கு ஒரு டிக்கெட்!

செமஸ்டர் எல்லாம் எப்படிப் போச்சு? சரி சரி... முறைக்காதீங்க. அந்தக் கேள்வியைக் கேட்கிற தகுதி எனக்கும் கிடையாது. ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இந்த வாரம் உங்களை மாவட்டம் விட்டு மாவட்டம் கூட்டிட்டுப் போகப் போறேன். பஸ்ல இல்ல, டிரெயின்ல இல்ல... படகுல! பெருசா கற்பனை பண்ணிடாதீங்க பாஸ். ஏ.சி., சொகுசு சோபா எதுவும் கிடையாது. டடடடன்னு சத்தம் போடற விசைப்படகு. பாக்கெட்ல இருக்கிற சில்லறை போதும்.

சேலம் மாவட்டம் எடப்பாடி வரைக்கும் ஒரு பஸ். அங்கிருந்து பூலாம்பட்டிக்கு இன்னொரு பஸ். இறங்கி நாலு எட்டு நடந்தா காவிரி. எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டை, அது ஈரோடு மாவட்டம். ரெண்டு ஊருக்கும் நடுவுல காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் படகு போயிட்டும் வந்துட்டும் இருக்கும். சினிமாக்காரங்களுக்கும் ரொம்பப் பிடிச்ச ஊர். தென்னை, வாழை, வயல், தண்ணின்னு இருக்கறதால சுத்துவட்டாரத்துல இதுக்கு 'குட்டி கேரளா'ன்னு செல்லப் பேரு.

'காவிரியில எப்பவும் படகு போற அளவுக்குத் தண்ணி ஏது?'ன்னு கேட்கிறீங்களா? நல்ல கேள்வி. மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணைகள் இருக்கு. மேட்டூர்ல திறந்துவிடுற தண்ணியை ஒவ்வொரு இடத்துலயும் தேக்கி, கதவணைக்கு 30 மெகாவாட் வீதம் கரன்ட் எடுக்கிறாங்க. அதாவது, ஒரே தண்ணி படிப்படியா இறங்கி, நாலு தடவை வேலை பார்க்குது! நெருஞ்சிப்பேட்டை கதவணை தேக்கி வெச்சிருக்கிற தண்ணியிலதான் நம்ம படகு போகுது. அதனாலதான் ஆறு அங்கே ஓடற மாதிரியே தெரியாது. பெரிய ஏரி மாதிரி அமைதியா படுத்திருக்கும்.

இப்போ என் கதைக்கு வர்றேன்.

நான் முதல் தடவை போனது போன வருஷம். கிளாஸ்ல ஆறு பேர், கையில ஆறு போன். ஏறினதுமே ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. நடு ஆத்துக்குப் போனதும் ஒருத்தன், "மச்சி, பின்னாடி பாலமலை சூப்பரா விழுது... எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கடா!"ன்னு கத்தினான். ஆறு பேரும் எழுந்து ஒரே பக்கம் ஓடினோம். படகு லேசா சாஞ்சுது. லேசாதான். ஆனா அதுலயே ஒரு அக்காவோட தூக்குப்போசி உருண்டு, மூடி கழண்டு, உள்ளே இருந்த சோறு குழம்போட பலகையில கொட்டிடுச்சு.

படகு ஓட்டினவர் போட்ட சத்தத்துல ஆறு பேரும் ஸ்விட்ச் போட்ட மாதிரி உட்கார்ந்தோம். அந்த அக்கா மட்டும் திட்டவே இல்லை. கொட்டின சோத்தை வழிச்சு ஆத்துல போட்டுட்டு, "ஏஞ்சாமி, செத்த நேரம் உக்காந்து வந்தா என்னங்கறேன்? நீங்க விளையாட வந்தீங்க, நான் வேலைக்குப் போறேன்"னாங்க. நாங்க காசு கொடுக்கப் பார்த்தோம். வாங்கலை. அக்கரை வந்ததும் காலிப் போசியைத் தூக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

அன்னிக்கு எடுத்த போட்டோவை யாருமே ஸ்டேட்டஸ்ல போடலை.

சரி, தகுதி இல்லேன்னு சொன்னேனே... அந்த செமஸ்டர்ல எனக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர். 13 மார்க் கேள்வி ஒண்ணு 'மெட்டாசென்டர்' பத்தி வந்துச்சு. மிதக்கிற பொருள் எப்போ நிலையா இருக்கும், எப்போ கவிழும்னு எழுதணும். நான் அரைப்பக்கம் கதை எழுதி, படம் போட்டு வெச்சிருந்தேன். படத்துல இருந்த படகு கவிழ்ந்துதோ இல்லையோ, நான் கவிழ்ந்துட்டேன்!

ரிசல்ட் வந்த அடுத்த நாள் ஹாஸ்டல்ல உட்காரப் பிடிக்காம, தனியா பஸ் ஏறி மறுபடியும் பூலாம்பட்டி போனேன். இந்தத் தடவை போனைப் பையில போட்டுட்டு, நடுவுல ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தேன். அப்பதான் முதல் தடவையா அந்தப் படகைப் பார்த்தேன்னு சொல்லணும். யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பசங்க ரெக்கார்ட் நோட்டை மடியில வெச்சு அவசர அவசரமா எழுதிட்டிருந்தாங்க. ஒரு தாத்தா சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினார். ஒருத்தர் டூவீலரை ஏத்தி, அது மேலேயே உட்கார்ந்து பேப்பர் படிச்சார். வாழைத்தார் ஒண்ணு யாரும் துணையில்லாம வந்துச்சு, அக்கரையில ஆள் நின்னு வாங்கிக்கிட்டார். ரெண்டு மூணு பாட்டு கேட்கிற நேரம்தான் பயணம். அதுக்குள்ள என் அரியர் பத்தி நான் நினைக்கவே இல்லைங்கறது, இறங்கின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு.

ஒவ்வொருத்தர் ஏறும்போதும் படகு லேசா அசையுது, உட்கார்ந்ததும் தானா நிமிருது. புத்தகத்துல புரியாதது அங்கே புரிஞ்சுது. படகு சாயும்போது தண்ணி அதை நிமிர்த்தப் பார்க்கும். நாம உட்கார்ந்திருந்தா எடை கீழே இருக்கும், நிமிர்த்துறது சுலபம். எழுந்து நின்னா எடை மேலே ஏறும், நிமிர்த்துற பலம் குறையும். அதோட எல்லாரும் ஒரே பக்கம் ஓடினா... அவ்வளவுதான். 2009 செப்டம்பர் 30-ல தேக்கடியில 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. காட்டு விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணம்னு அப்ப பேசப்பட்டது. அதைப் படிச்ச அன்னிக்கு, உருண்ட தூக்குப்போசிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. நாங்க அன்னிக்குத் தப்பிச்சது புத்தியால இல்ல, அதிர்ஷ்டத்தால.

அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு தடவையாவது போயிடறேன். மூணாவது தடவை அதே அக்காவைப் பார்த்தேன். "அக்கா, சோத்தைக் கொட்டின கோஷ்டியில நானும் ஒருத்தன்"னு சொன்னேன். சிரிச்சாங்க. "அன்னைக்கு வேலை செய்யற எடத்துல ஆளுக்கு ரெண்டு வாய் குடுத்தாங்க கண்ணு, வயிறு நெறைஞ்சிருச்சு"ன்னாங்க. பேச்சுவாக்குல இன்னொண்ணும் சொன்னாங்க. 2024 ஜூலைக் கடைசியில மேட்டூர் 120 அடி நிரம்பி, லட்சம் கனஅடிக்கு மேல திறந்தாங்களே... நாம எல்லாம் 'காவிரி பொங்குது'ன்னு ஃபார்வர்ட் பண்ணி ரசிச்சோமே... அப்ப படகு நின்னுபோச்சு. பஸ் மாறி மாறி ரோட்டுல சுத்திப் போனா நேரமும் போகுது, காசும் போகுது. பாதி நாள் வேலைக்கே போகலையாம். "தண்ணி வந்தா சந்தோசந்தேன். ஆனா சீக்கிரம் வடிஞ்சா தேவலைன்னும் இருக்கும்"னாங்க. ரெண்டும் ஒரே மனசுக்குள்ள இருக்க முடியும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

நான் சொல்ல வர்றது இதுதான் ஃப்ரெண்ட்ஸ். தனியா படகு வாடகைக்கு எடுத்து ஒரு ரவுண்ட் அடிக்கிறதும் ஜாலிதான். ஆனா ஊர் ஜனங்க போற படகுல, அவங்களோட ஒருத்தரா உட்கார்ந்து போய்ப் பாருங்க. அந்தச் சுகமே வேற. அவங்களுக்கு அது தினசரி வாழ்க்கை. நாம அதுக்குள்ள விருந்தாளி. விருந்தாளி மாதிரி நடந்துக்கிட்டா, அந்த ஆறு நமக்கும் சொந்தமாயிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி...

* மேட்டூர்ல தண்ணி அதிகமா திறந்தாலோ, கதவணையில பராமரிப்பு வேலை நடந்தாலோ படகு ஓடாது. விசாரிச்சுட்டு பஸ் ஏறுங்க.

* லைஃப் ஜாக்கெட் கொடுத்தா போட்டுக்கங்க. 'போட்டோவுல குண்டா தெரியும்'னு கழட்டாதீங்க. நீச்சல் தெரிஞ்சவங்களும்தான்.

* கூட்டமா இருந்தா அடுத்த படகு. நமக்கு அவசரம் இல்லை, வேலைக்குப் போறவங்களுக்கு இருக்கு.

* போட்டோ வேணுமா? உட்கார்ந்தே எடுங்க. இல்லேன்னா கரையில இறங்கி எடுங்க. மலை எங்கேயும் ஓடிடாது.

* சாயங்காலம் பூலாம்பட்டி கரையில நில்லுங்க. எதிர்ல, பாலமலைக்குப் பின்னாடி சூரியன் இறங்கும். டிக்கெட் கிடையாது.

உங்க ஊர்லயும் ஒரு பரிசலோ, தோணியோ, படகுத்துறையோ இருக்கும். இந்த சனிக்கிழமை போயிட்டு வாங்களேன்.

அரியர் என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? மறுபடி எழுதியாச்சு. மெட்டாசென்டர் கேள்வி மறுபடியும் வந்துச்சு. இந்தத் தடவை படத்துல படகோட ஆறு பேரையும் வரைஞ்சு, எல்லாரையும் உட்கார வெச்சுட்டேன். ரிசல்ட் வரட்டும்... சொல்றேன்!