விலை ஏறுகிறது, விற்க முடியுமா?

2024 ஏப்ரலில் 20 ரூபாய் அளவில் இருந்த ஒரு பங்கு, 2025 முடிவதற்குள் 10 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. நிறுவனத்தின் பெயர் ஆர்ஆர்பி செமிகண்டக்டர். முன்பு அது ஜி.டி. டிரேடிங் அண்ட் ஏஜென்சீஸ் என்ற பெயரில் இருந்தது. செமிகண்டக்டர் உற்பத்தி எதையும் இன்னும் தொடங்கவில்லை, அரசின் எந்தத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை என்று 2025 நவம்பரில் அந்த நிறுவனமே பங்குச்சந்தைக்கு எழுத்துமூலம் தெரிவித்தது. மும்பை பங்குச்சந்தை அதன் வர்த்தகத்தை வாரத்துக்கு ஒரு நாள் என்று சுருக்கியது.

தொடக்கத்தில் 10 ஆயிரம் ரூபாய் போட்டிருந்தால் 2025 முடிவில் அரை கோடி ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பெருமூச்சு விடுபவர்கள், அந்த 500 பங்கை அன்று யார் விற்றிருப்பார் என்று யோசிப்பதில்லை. பங்குகளில் பெரும்பகுதி புரமோட்டரிடமும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமும் இருந்தது. நாள்தோறும் விலை, அன்றைக்கு ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பைத் தொட்டு நின்றது. வாங்க ஆள் இருந்தது, விற்க ஆள் இல்லை. இப்படிப்பட்ட பங்கு வெளியாளின் கைக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்குகிறது என்றால், உள்ளே இருந்தவர் விற்கத் தொடங்கிவிட்டார் என்றே பொருள்.

செமிகண்டக்டர், செயற்கை நுண்ணறிவு, டிரோன், டேட்டா சென்டர் என்று எந்தத் தொழில்நுட்பம் வெல்லும் என்றே சிறிய பங்குகளைப் பற்றிய பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. தொழில்நுட்பம் வெல்லலாம். அதன் பெயரைச் சூட்டிக்கொண்ட பங்கை வைத்திருப்பவர் வெல்வாரா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் தொழிற்கூடத்தில் இல்லை. சந்தையில் எவ்வளவு பங்கு உண்மையில் புழங்குகிறது, அது யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

திரையில் தெரியும் விலை

சந்தை மதிப்பில் 251-ஆவது இடத்திலிருந்து கீழே உள்ள எல்லா நிறுவனங்களும் ஸ்மால்கேப் என்றே மியூச்சுவல் ஃபண்டுகளுக்கான வரையறையில் வகைப்படுத்தப்படுகின்றன. அந்தப் பட்டியலில் பல ஆயிரம் கோடி மதிப்புள்ள நல்ல நிறுவனங்களும் உண்டு. இங்கே பேசுவது அவற்றைப் பற்றியல்ல. பட்டியலின் அடிமட்டத்தில் கிடப்பவற்றைப் பற்றி.

ஒரு கணக்குக்காக, 1 கோடி பங்குகள் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 73 லட்சம் பங்கு புரமோட்டரிடம் இருக்கிறது. மீதி 27 லட்சத்தில் 22 லட்சம், ஒருவருக்கொருவர் தெரிந்த சில கணக்குகளில் இருக்கிறது. உண்மையில் கைமாறக்கூடியது 5 லட்சம் பங்குதான். பங்கு 100 ரூபாய் என்றால் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 100 கோடி. ஆனால், 5 கோடி ரூபாய் வைத்திருக்கும் ஒரு ஆபரேட்டர் நினைத்தால் அந்த விலையைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். தினமும் 5 சதவீத வரம்பைத் தொட்டால் 15 வர்த்தக நாளில் விலை இரட்டிப்பாகும். அந்த வரைபடத்தின் படம்தான் டெலிகிராம் குழுக்களில் அடுத்த மல்டிபேகர் என்று சுற்றுக்கு வரும்.

இறங்கும்போது நடப்பதைச் செயலியின் திரையிலேயே பார்க்கலாம். காலை 9.15-க்கு விற்கும் பக்கத்தில் 4 லட்சம் பங்குகள் வரிசையில் நிற்கும். வாங்கும் பக்கத்தில் பூஜ்யம். விலை அன்றைய கீழ் வரம்பில் நின்றுவிடும் ‘லோயர் சர்க்யூட்’ இதுதான். எல்லோரும் ஒரே விலைக்கு விற்க நிற்பதால், யார் முதலில் ஆர்டர் போட்டாரோ அவருக்கே முன்னுரிமை. குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸ் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் இங்கே செல்லாது. அது விற்பனை ஆணையை வரிசையில் சேர்க்குமே தவிர, வாங்கும் ஆளைக் கொண்டுவராது. இப்படியே 14 நாள் போனால் விலை பாதிக்கும் கீழே. அதற்குள் ஒரு பங்குகூட விற்றிருக்க முடியாமல் போகலாம்.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2012-ல் தொடங்கப்பட்ட எஸ்எம்இ தளத்தில் இன்னொரு சிக்கல். அங்கே பங்குகளை லாட் கணக்கில்தான் வாங்கவும் விற்கவும் வேண்டும். அவசரத்துக்கு 50 பங்கை மட்டும் விற்றுப் பணம் எடுக்க வழியில்லை. விலை ஏற ஏற ஒரு லாட்டின் மதிப்பும் ஏறும். அதை வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறையும்.

சென்னை கண்ட ஏற்றம்

தொழில்நுட்பம் வென்றும் பங்கு தோற்றதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. பென்டாமீடியா கிராஃபிக்ஸ் வெறும் பெயர்ப்பலகை நிறுவனம் இல்லை. இந்தியாவின் முதல் முப்பரிமாண அனிமேஷன் முழுநீளப் படமான ‘பாண்டவாஸ்’ 2000-ல் அங்கேதான் உருவானது. தேசிய விருதும் பெற்றது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆகியவற்றுக்கு இந்தியாவில் பெரும் எதிர்காலம் இருக்கிறது என்ற கணிப்பும் பொய்க்கவில்லை. இன்று ஹாலிவுட் படங்களின் காட்சிகள் இந்திய ஸ்டூடியோக்களில் தயாராகின்றன. ஆனால், 2000-ன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற அந்தப் பங்கு, பிற்காலத்தில் ஒரு ரூபாய்க்கும் கீழே போனது.

அந்த விலை அனிமேஷனின் எதிர்காலத்தைப் பார்த்து ஏறியதல்ல. பங்குத் தரகர் கேத்தன் பரேக்குக்குப் பிடித்தமான பத்துப் பங்குகள் என்று ‘கே-10’ பட்டியல் ஒன்று அப்போது சந்தையில் பிரபலம். பென்டாமீடியாவும் அதில் ஒன்று. கொல்கத்தா தரகர்கள் வழியாகவும், ஆமதாபாத்தின் மாதவ்புரா கூட்டுறவு வங்கி போன்றவற்றின் கடன் பணத்தாலும் அந்தப் பங்குகள் தூக்கி நிறுத்தப்பட்டன. 2001 மார்ச்சில் வங்கி முடங்கியது. கொல்கத்தா சந்தையில் பணப்பட்டுவாடா நின்றது. மாத இறுதியில் பரேக் கைதானார். விலையைப் பிடித்திருந்த கை விலகியதும் வாங்குவோர் காணாமல்போனார்கள். பரேக் 14 ஆண்டுகள் சந்தைப் பக்கம் வரக் கூடாது என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை விதித்தது. தடை முடிந்த பிறகு, 2025 ஜனவரியில், வேறொரு புகாரில் அதே பெயர் மீண்டும் செபி உத்தரவில் இடம்பெற்றது.

கூட்டம் எதற்குச் சான்று?

‘அன்று இன்ஃபோசிஸ் பங்கை வாங்கியிருந்தால்...’ என்பது இந்தப் பேச்சில் தவறாமல் வரும் வாதம். அந்த வாதத்தில் விடுபடும் தகவல் ஒன்று உண்டு. 1993-ல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது, வெளியிட்ட பங்குகளுக்குக்கூட முழுமையாக விண்ணப்பங்கள் வரவில்லை. மோர்கன் ஸ்டான்லி உள்ளே வந்துதான் வெளியீடு கரையேறியது.

இதற்கு நேரெதிராக, 2024 செப்டம்பரில் நொய்டாவின் ட்ராஃபிக்சால் ஐடிஎஸ் டெக்னாலஜீஸ் எஸ்எம்இ தளத்தில் சுமார் 45 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. போக்குவரத்து, சுங்கச்சாவடி மேலாண்மைக்கான மென்பொருள் நிறுவனம். விண்ணப்பங்கள் சுமார் 345 மடங்கு குவிந்தன. திரட்டும் பணத்தில் 17.7 கோடி ரூபாய், ஒரு மென்பொருள் தளத்தை வாங்குவதற்கு என்று ஆவணத்தில் சொல்லப்பட்டிருந்தது. அந்த மென்பொருளை விற்கப்போகும் நிறுவனம் எது, அதன் தகுதி என்ன என்று ஒரு முதலீட்டாளர் சங்கம் கேள்வி எழுப்ப, பட்டியலிடுவது கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. செபி விசாரித்தபோது அந்த விற்பனையாளர் வெறும் காகித நிறுவனம் என்பது தெரியவந்தது. டிசம்பரில் வெளியீடே ரத்தாகி, முதலீட்டாளர்களுக்குப் பணம் திரும்பியது.

நாட்டின் மிகச்சிறந்த மென்பொருள் நிறுவனம் விண்ணப்பத்துக்கு அல்லாடியிருக்கிறது. செபியே ரத்து செய்த வெளியீட்டுக்குக் கூட்டம் முண்டியடித்திருக்கிறது. எத்தனை மடங்கு விண்ணப்பம், கிரே மார்க்கெட்டில் எவ்வளவு பிரீமியம் என்பவை, முதல் நாளே விற்றுவிட்டுக் கிளம்ப எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன.

நல்ல நிறுவனங்களே எஸ்எம்இ தளத்துக்கு வருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லியின் இ2இ நெட்வொர்க்ஸ் 2018-ல் 57 ரூபாய்க்கு எஸ்எம்இ தளத்தில் பங்கு வெளியிட்டது. 2022-ல் பிரதான சந்தைக்கு மாறியது. செயற்கை நுண்ணறிவு அலையில் அதன் கிளவுட் சர்வர்களுக்குத் தேவை பெருக, 2024-ல் விலை ஆயிரங்களில் போனது. எல் அண்ட் டி சுமார் 1,400 கோடி ரூபாய்க்கு 21 சதவீதப் பங்கை வாங்க முன்வந்தது. இடையில் அந்தப் பங்கு வெளியீட்டு விலைக்கும் கீழே கிடந்த காலமும் உண்டு. அங்கே சர்வர் இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார்கள், மாதம்தோறும் பில் போட்டு வசூல் நடந்தது. பொறுத்திருக்க ஒரு காரணம் இருந்தது.

ஆனால், இப்படிப்பட்டவை ஏன் அரிதாக இருக்கின்றன என்று கேட்க வேண்டும். சென்னையில் வளர்ந்த ஜோஹோ பங்குச்சந்தைக்கே வரவில்லை. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் நேராக நாஸ்டாக் போனது. திறமையான சிறிய தொழில்நுட்ப நிறுவனத்துக்கு இன்று முதலீடு தரத் தனியார் நிதியங்கள் வரிசையில் நிற்கின்றன. வளர்ச்சியின் பெரும்பகுதியை அவை அறுவடை செய்த பிறகே அது பொதுமக்களிடம் வருகிறது. அந்த நிதியங்கள் எல்லாம் பார்த்து ஒதுக்கியவையும் எஸ்எம்இ தளத்துக்கு வருபவற்றில் கலந்திருக்கின்றன என்பதைச் சிறு முதலீட்டாளர் மறக்கக் கூடாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தன் கையிருப்பை விற்க எத்தனை நாளாகும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும். சாதாரண நாளில் 2 லட்சம் ரூபாய்க்கு வர்த்தகமாகும் பங்கில் 5 லட்சம் ரூபாயை வைத்திருப்பவர், பிரச்சினை வரும் நாளில் வெளியே வர முடியாது. அடுத்து, லாபம் பணமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். லாபம் ஆண்டுதோறும் இரட்டிப்பாகி, வரவேண்டிய பாக்கியும் கூடவே இரட்டிப்பாகி, செயல்பாட்டுப் பணவரவு மட்டும் எதிர்மறையாக இருந்தால், விற்பனை காகிதத்தில் மட்டுமே நடக்கிறதோ என்ற சந்தேகம் நியாயமானது. மூன்றாவது, சலுகை விலையில் யாருக்கெல்லாம் முன்னுரிமை ஒதுக்கீடு நடந்தது, அவர்களின் லாக்-இன் காலம் எப்போது முடிகிறது என்பது. அந்தத் தேதிக்குச் சற்று முன்பாக ஆர்டர் கிடைத்தது, ஒப்பந்தம் கையெழுத்தானது என்று அறிவிப்புகள் குவிந்தால், அவை யாருக்காக என்று யோசிக்க வேண்டும். ஆடிட்டர் பாதியில் விலகியிருந்தால் அதற்குப் பிறகு படிக்க எதுவும் இல்லை.

செபி அடைக்காத ஓட்டைகள்

2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள், 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டிவிட்டன. புதிதாக வந்தவர்களில் பலர் ஒரு பெரிய வீழ்ச்சியைக்கூடப் பார்த்ததில்லை. செபி சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. எஸ்எம்இ வெளியீட்டுக்கு வரும் நிறுவனம், கடந்த மூன்று நிதியாண்டுகளில் இரண்டிலாவது 1 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம் காட்டியிருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எஸ்எம்இ பங்கு பட்டியலாகும் நாளில் வெளியீட்டு விலைக்கு மேல் 90 சதவீதம்வரைதான் தொடங்க முடியும் என்று தேசியப் பங்குச்சந்தை வரம்பு கட்டியிருக்கிறது. பதிவு பெறாத ஆலோசகர்களோடு தரகு நிறுவனங்கள் கைகோப்பதற்கும் தடை வந்திருக்கிறது.

ஆனால், முக்கியமான இடங்களில் ஓட்டை அப்படியே இருக்கிறது. திரட்டிய பணம் சொன்ன காரியத்துக்குப் போகிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு முகமை, 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வெளியீட்டுக்குத்தான் கட்டாயம். ட்ராஃபிக்சால் திரட்டியது 45 கோடி. 50 கோடிக்கு மேற்படாத வெளியீடுகளில் ஆடிட்டர் சான்றிதழே போதுமானது. அளவு சிறியதாக இருக்கும் இடத்தில்தான் ஏமாற்றுவது எளிது. கண்காணிப்போ அங்கே தளர்கிறது.

பெயர் மாற்ற விதியும் அப்படித்தான். 1998, 1999-ல் அமெரிக்காவில் பெயரோடு ‘டாட் காம்’ சேர்த்துக்கொண்ட 95 நிறுவனங்களை ஆராய்ந்தவர்கள், அறிவிப்பை ஒட்டிய பத்து நாட்களில் மட்டும் அவற்றின் பங்குகள் வழக்கத்தைவிட 74 சதவீதம் கூடுதல் லாபம் தந்ததைக் கண்டார்கள். இந்தியாவில், புதிய பெயர் சுட்டும் தொழிலிலிருந்து கடந்த ஓராண்டு வருவாயில் பாதியாவது வந்திருக்க வேண்டும், அல்லது சொத்துகளில் பாதியாவது அந்தத் தொழிலில் முதலீடாகியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மொத்த வருவாயே சில லட்சம் என்றால், அதில் பாதியைக் காட்ட இரண்டு பில் போதும். சதவீதத்தோடு குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் விதியில் சேர்த்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு காரியங்கள் அவசியம். வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அந்தப் பங்கில் உண்மையில் புழங்கும் அளவையும் கடந்த மாதத்தின் சராசரி தினசரி வர்த்தகத்தையும் செயலிகள் காட்ட வேண்டும். வெளியீட்டைக் கொண்டுவரும் மெர்ச்சன்ட் பேங்கரின் கட்டணத்தில் ஒரு பகுதியை, பணம் சொன்னபடி செலவானது உறுதியாகும்வரை நிறுத்திவைக்க வேண்டும். 345 மடங்கு விண்ணப்பம் குவிந்த வெளியீட்டில், மென்பொருளின் விற்பனையாளர் யார் என்று மெர்ச்சன்ட் பேங்கரே விசாரித்திருக்க வேண்டும்; ஒரு சங்கம் புகார் தரும்வரை காத்திருந்திருக்கக் கூடாது.

நல்ல சிறிய நிறுவனங்களுக்கு இதனால் மூலதனம் கிடைக்காமல் போகும் என்று தரகர்கள் தரப்பில் சொல்வார்கள். நிலைமை நேர்மாறானது. போலிகளோடு ஒரே பட்டியலில் நிற்பதால்தான், உண்மையாக உழைக்கும் நிறுவனமும் சந்தேகத்துக்கு ஆளாகிறது. ட்ராஃபிக்சாலுக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் பணம் திரும்பியது, அது இன்னும் நிறுவனத்தின் கைக்குப் போகவில்லை என்பதால்தான். பட்டியலிட்ட பிறகு உண்மை தெரியவந்திருந்தால் தடை உத்தரவு வந்திருக்கும், அபராதம் வந்திருக்கும், பணம் வந்திருக்காது. பணம் கைமாறும் முன்பே கேள்வி கேட்கும் ஏற்பாடுதான் செபி செய்ய வேண்டிய அடுத்த வேலை.